மேனேஜரின் படுக்கையும் என் கையெழுத்தும்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. போன இடத்தில் நீங்களும் மகளும் உடம்புக்கு ஒரு குறையுமின்றி, வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். இங்கே நானும் உங்கள் அத்தையும் சுகம். தொட்டியில் பவளங்கள் சுகம், ஆரஞ்சு மீன்கள் இரண்டும் சுகம், நத்தைகள் சுகம். இந்தப் பட்டியலில் யாரோ விட்டுப்போனது போலத் தோன்றினால் பதறாமல் மேலே படிக்கவும். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் சொன்னால் நீங்கள் உடனே ஏதாவது கேட்பீர்கள். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை.

ஆறு மாத வேலையாக நீங்கள் வெளியூர் கிளம்பியபோது உங்கள் கடல்மீன் தொட்டியை எங்கள் கூடத்தில் கொண்டுவந்து வைத்தீர்கள். அப்போது, "அடியில மணல் இருக்கட்டுமா, இல்ல எடுத்துட்டு வெறும் கண்ணாடியா விட்டுடலாமான்னு நானே குழம்பிக்கிட்டு இருக்கேன் மாமா, வந்து முடிவு பண்ணிக்கலாம்" என்றீர்கள். இதில் முதல் பாதிதான் என் காதில் தங்கியது. ஆஸ்பத்திரியில் முப்பத்துநான்கு வருடம் துப்புரவு மேற்பார்வையாளராக இருந்தவனிடம் தரையைப் பற்றிச் சந்தேகம் கேட்டுவிட்டுப் போனது உங்கள் தவறு என்று உங்கள் அத்தை சொல்கிறாள். தரை என்றால் கண்ணுக்குத் தெரிய வேண்டும், அழுக்கு விழுந்தால் விழுந்த இடத்திலேயே அகப்பட வேண்டும், எனக்குத் தெரிந்த ஒரே வித்தை அதுதான். மணலோ, மீன் தின்றது, தின்னாதது, கழித்தது எல்லாவற்றையும் அடியில் வாங்கிப் போட்டுக்கொண்டு மேலே யோக்கியன் மாதிரி வெள்ளையாக இருக்கிறது. முதல் நாளே எனக்கும் அதற்கும் ஒத்துப்போகவில்லை.

உங்கள் அத்தை நேரெதிர்க் கட்சி. "கீழ ஒண்ணுமே விரிக்காம எப்படிங்க இருக்கும் அதுங்க? கை கழுவுற தொட்டியில வச்ச மாதிரி இருக்கும்" என்றாள். "மேனேஜர் எங்க படுப்பாரு?" என்றும் கேட்டாள். பதினொரு மணிக்கு எழுந்து வந்து எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்ப்பது, ஒரு வேலையும் செய்யாமல் இருப்பது, உடனே மறுபடி மணலுக்குள் புகுந்து படுத்துக்கொள்வது என்று இருக்கும் அந்த மஞ்சள் மீனுக்கு நீங்கள் வைத்த பெயர் எவ்வளவு பொருத்தம் என்று நாங்கள் தினமும் சொல்லிக்கொள்வோம். கிளம்பும்போது மகள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அப்பா, மத்தது எது போனாலும் இவர் தாங்கிப்பார். மேனேஜரை மட்டும் பாத்துக்கோங்க. கல்யாணத்துக்கு முன்னாடி ஒண்டிக்கட்டையா இருந்தப்போ அதுகூடத்தான் பேசிக்கிட்டு இருந்தாராம்" என்று சொன்னாள். நானும் தலையாட்டினேன்.

போன மாதம் உறிஞ்சு குழாய் வாங்கப் போனேன். மீன் கடைக்காரர், "கொஞ்சம் கொஞ்சமா எடுங்க சார், ஒரே நாள்ல எடுத்தா அடியில இருக்கிறதெல்லாம் கிளம்பிடும்" என்றார். நாற்பது படுக்கை உள்ள வார்டை ஒரே காலையில் கழுவியவன் நான், இந்த மூன்று முழத் தொட்டிக்குத் தவணையா என்று நினைத்துக்கொண்டு வந்து, ஒரே மூச்சில் நாலு வாளி மணலை உறிஞ்சி எடுத்துவிட்டேன். கடைக்காரர் சொன்னது கிளம்பிவிட்டது. தண்ணீர் பாலாகிப்போய் எதிர்ப்பக்கம் தெரியவில்லை, பவளங்கள் எல்லாம் கடையடைப்பு, நான் உப்பைக் கரைப்பதும் தண்ணீரை மாற்றுவதும் கூடத்தைத் துடைப்பதுமாக இரண்டு நாள் ஓடியது. மூன்றாம் நாள் தெளிந்தது. பவளங்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. தரை பளிச்சென்று இருந்தது. மேனேஜர் இல்லை.

நாலு வாளி மணலையும் உங்கள் அத்தையின் மாவுச் சல்லடையில் போட்டுச் சலித்தேன். பம்பைக் கழற்றிப் பார்த்தேன். துள்ளி வெளியே விழுந்திருக்கலாம் என்று சோபாவை நகர்த்தி, மூன்று வருடமாகத் தேடிய என் மூக்குக்கண்ணாடியைக் கண்டெடுத்தேன். அவர் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து உங்கள் அத்தை என்னிடம் "சாப்பாடு ரெடி" என்பதற்கு மேல் பேசுவதில்லை. சல்லடைக் கோபம் என்று முதலில் நினைத்தேன். ஒரு சல்லடைக்கு இத்தனை நாள் தாங்காது.

மற்றபடி பராமரிப்பில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆஸ்பத்திரி முறைப்படி, தண்ணீர் தெளிந்த நாளிலிருந்து தொட்டியின் பக்கத்தில் ஒரு படிவம் தொங்கவிட்டிருக்கிறேன். நேரம், சுத்தம், குறிப்பு என்று மூன்று கட்டம். பதினொரு மணி வரிசையை உங்கள் அத்தை நிரப்புகிறாள், மற்றவை நான். மாலையில் மொத்தத்துக்கும் கீழே மேற்பார்வைக் கையெழுத்துப் போடுகிறேன். ஒரு நாளும் தவறியதில்லை. பன்னிரண்டு நாள் படிவங்களையும் இத்துடன் இணைத்திருக்கிறேன், பார்த்தால் உங்களுக்கே புரியும்.

பதினொரு மணிக்கு நான் ஏன் இருப்பதில்லை என்றால், அப்போதுதான் மேனேஜர் முன்பக்கம் வந்து என் முகத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவார். அந்த நேரத்தில் இந்தத் தொட்டிக்கு முன்னால் என்னால் உட்கார முடியவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனை வரை போய் நின்றுவிட்டு வருகிறேன். நீங்கள் நம்பி விட்டுப்போன உயிரை நான் காப்பாற்றவில்லை மாப்பிள்ளை. எனக்கு மனசே சரியில்லை. என்றாலும் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வது என் கடமை. வெறும் தரைதான் சரி. இதில் மறுபேச்சுக்கு இடமில்லை.

மகளுக்கு எங்கள் ஆசிகள். நீங்கள் இருவரும் நீண்ட நாள் மனம் ஒத்து, தரை விஷயத்திலும் ஒத்து வாழ வேண்டும்.

இப்படிக்கு,
குற்ற உணர்வுடன்,
மாமா

பின்குறிப்பு: மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிடவும். உறைக்குள் வைப்பதற்காகப் படிவங்களை மடித்தபோது குறிப்புக் கட்டம் கண்ணில் பட்டது. முப்பத்துநான்கு வருடத்தில் அந்தக் கட்டத்தை நான் படித்ததே இல்லை, படித்தால் வேலை வரும். முதல் நாள் பதினொரு மணிக்கு உங்கள் அத்தை எழுதியிருக்கிறாள்: "இவர் மணலை எடுக்கும் முன்பே என் கண்ணாடிக் கிண்ணத்தில் நாலு பிடி போட்டு, மேனேஜர் படுக்கத் தொட்டிக்குள் பெரிய கல்லுக்குப் பின்னால் வைத்துவிட்டேன்." ஆறாம் நாள் வரை, "யாரையும் காணோம்." ஏழாம் நாள், "கிண்ணத்தில் மூக்கு தெரிந்தது." எட்டாம் நாளிலிருந்து, "மேனேஜர் வந்து சுற்றிப் பார்த்துவிட்டுப் படுக்கப் போனார்." எல்லாவற்றுக்கும் கீழே என் கையெழுத்து.

சமையலறைக்கு ஓடினேன். "கையெழுத்துப் போட்டிருக்கீங்களே, படிச்சிட்டீங்கன்னுல்ல நினைச்சேன்" என்றாள். "கிண்ணம் வச்சேன்னு எழுதினப்பவும் சரி, உயிரோட இருக்குன்னு தெரிஞ்சப்பவும் சரி, ஒரு வார்த்தை கேக்காம பதினோரு மணியானா செருப்ப மாட்டிக்கிட்டுப் போறாரே, இப்படியும் ஒரு கல்மனசான்னுதான் பேசல."

இன்று பதினொரு மணிக்கு நான் எங்கும் போகவில்லை. இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். மேனேஜர் வந்தார், என் முகத்தைப் பார்த்தார், போய்ப் படுத்துக்கொண்டார். இன்னும் பெரிய கிண்ணம் ஒன்று வாங்கப் போகிறேன். குறிப்புக் கட்டத்தில் முதன்முறையாக நானே, "பார்த்தேன்" என்று எழுதினேன். கீழே உங்கள் அத்தை கையெழுத்துப் போட்டாள், படித்துப் பார்த்துவிட்டு.