பதினோரு மணி மோட்டார்

சரியாகப் பதினோரு மணிக்கு மில் ஆபரேட்டர் சென்றாயன் பச்சைப் பொத்தானை அழுத்தினார். கெலமங்கலம் சாலையில் இருந்த அந்த மாட்டுத்தீவன ஆலையின் விளக்குகள் எல்லாம் ஒருமுறை கண்ணை மூடித் திறந்தன. மேனேஜர் நாராயணப்பனின் கம்ப்யூட்டர் அணைந்தது. பெங்களூரு தலைமை அலுவலகத்தோடு அவர் பேசிக்கொண்டிருந்த வீடியோ மீட்டிங்கும் அத்தோடு போயிற்று.

அவர் எலக்ட்ரிகல் இன்ஜினியர் நிர்மலாவைக் கூப்பிட்டார்.

“பெங்களூருக்காரங்க கேக்கறாங்கம்மா. தினமும் அதே நேரத்துக்கு உங்க ஊர்ல என்னதான் ஆகுதுன்னு.”

“அரவை மில்லோட மோட்டார் சார். எழுபத்தஞ்சு ஹெச்பி. டீ டைம் முடிஞ்சு நேரடியா ஸ்டார்ட் பண்றோம். ஆறேழு மடங்கு கரண்ட்ட ஒரே இழுப்பா இழுக்குது. உங்க ரூமுக்கு ஒரு யுபிஎஸ் வெச்சுட்டா போதும்.”

“யுபிஎஸ்ஸெல்லாம் வேணாம். எதையும் வேர்லருந்து சரி பண்ணணும். நிதானமா பண்ணு.”

அந்தப் பதில் நிர்மலாவுக்குப் பிடித்திருந்தது. வேர்வரை போகச் சொல்லும் அதிகாரி எத்தனை பேருக்குக் கிடைப்பார்? அவளுடைய ஆறு மாதப் பயிற்சிக் காலம் வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. வேலையை நிரந்தரமாக்கும் கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டியவரும் அவர்தான்.

செவ்வாய்க்கிழமை ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டரைப் பொருத்தினாள். முதலில் குறைந்த விசையில் கிளப்பி, வேகம் பிடித்ததும் முழு மின்சாரத்துக்கு மாற்றிவிடும் ஏற்பாடு. மோட்டார் முனகியது. வேகம் பிடிக்கவில்லை. பத்தாவது நொடியில் ‘டம்’ என்று முழு மின்சாரத்துக்கு மாறியது. மெயின் பிரேக்கரே விழுந்து ஆலை முழுக்க நின்றுபோனது. மூட்டை தைக்கும் பகுதியில் யாரோ தும்முவது ஆலை முழுக்கக் கேட்டது.

நாராயணப்பன் வெளியே வந்தார். “முன்னெல்லாம் என் ரூம் மட்டும் போச்சு. இப்ப ஊரே போச்சே.”

அவர் முகத்தில் கோபமே இல்லை. பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டாள்.

மில்லைத் திறந்து பார்த்தால், உள்ளே மக்காச்சோளம் தொண்டைவரை நிறைந்திருந்தது.

“காலியாக்கிட்டு நிறுத்துங்கன்னு சொன்னேனேண்ணா. இத்தனையும் வாயில வெச்சுக்கிட்டு எப்படிங்க சுத்தும்?”

சென்றாயன் தலையைச் சொறிந்தார். “காலியாத்தான் வெச்சேன் மேடம். எப்படியோ எறங்கிடுது.”

“மேல சோளம் எறங்கற கேட்டை மூடுனீங்களா?”

“மூடுனேன். அதுவா தொறந்துக்குது போல.”

புதன்கிழமை சாஃப்ட் ஸ்டார்ட்டர் வந்தது. பதற்றமில்லாமல், கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரத்தை ஏற்றும் கருவி. அதைப் பொருத்தும்போது நிர்மலாவுக்கு அதன்மேல் லேசான பொறாமை வந்தது. அவளோ நேரடி ஸ்டார்ட்டர் சாதி. யாராவது ஒரு வார்த்தை சொன்னால் அடுத்த நொடி முழு வேகத்தில் எழுந்து நிற்பாள். சுற்றி இருப்பவர்களின் முகங்கள் மங்கிப்போவது பிறகுதான் தெரியும். இப்படி மெல்லக் கிளம்ப எங்கே சொல்லித் தருகிறார்கள்?

பதினோரு மணிக்கு அது மெல்லத்தான் கிளம்பியது. மில் மறுபடியும் நிறைந்திருந்ததால் அசையவே இல்லை. மோட்டார் மட்டும் சுற்ற, பெல்ட் வழுக்கிப் புகைந்தது. விளக்குகள் அரை நிமிடம் மங்கியே நின்றன. மேனேஜரின் கம்ப்யூட்டர் மூன்று தடவை அணைந்து எரிந்தது. பதறிப்போன ஒருவர் தீயணைப்பு வாளி மணலைப் புது ஸ்டார்ட்டரின் தலையிலேயே கொட்டினார்.

“ஆயித்தா? முடிஞ்சுதா?” என்று கன்னடம் கலந்து கேட்டபடி நாராயணப்பன் வந்தார். “நாளைக்குள்ள ஆகலைன்னா பெங்களூர்லருந்தே இன்ஜினியர அனுப்பறாங்களாம். அப்புறம் உன்னைப் பத்தி நான் என்னத்தம்மா எழுதறது?”

சாயங்காலம் முழுக்க நிர்மலா பிரஷ்ஷால் மணலைத் தட்டிக்கொண்டிருந்தாள். தட்டத் தட்ட ஒன்று புலப்பட்டது. இரண்டு நாளாக அவள் ஸ்டார்ட்டரைத்தான் மாற்றுகிறாள். மில்லின் வயிற்றை யாரும் மாற்றவில்லை.

வியாழக்கிழமை டீ இடைவேளைக்கு முன்பே போய் நின்றுகொண்டாள். மேல் கேட்டைத் தன் கையால் மூடினாள். உள்ளே இருந்த கடைசி மக்காச்சோளமும் மாவாகி விழுந்த பிறகே மோட்டாரை நிறுத்தச் சொன்னாள்.

“நீங்க போய் டீ குடிங்க மேடம். நான் பாத்துக்கறேன்.”

“எனக்கு டீ வேணாண்ணா.”

“காலி மில்ல ஓட்டக்கூடாது மேடம். ரெண்டே மூட்டை போட்டுக்கறனே.”

“ஒரு சோளமணிகூட போடாதீங்க.”

சென்றாயன் மேனேஜர் அறைப்பக்கம் ஒருமுறை பார்த்தார். பதினோரு மணிக்குப் பொத்தானை அவளே அழுத்தினாள். மோட்டார் தூக்கம் கலைந்து எழுவதுபோல எழுந்தது. தலைக்குமேல் ஒரு விளக்குகூடச் சிமிட்டவில்லை.

நிர்மலா அலுவலகத்துக்கு ஓடினாள். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் நாராயணப்பன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். திரையில் பெங்களூருக்காரர்கள் நான்கு பேர் மாறி மாறிக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைப்பதும், மேலே எரியும் விளக்கை அண்ணாந்து பார்ப்பதுமாக இருந்தார். அவளுக்கு நெஞ்சு நிறைந்தது. தன் வேலையை ஒருவர் இப்படி ரசித்து அவள் பார்த்ததே இல்லை.

காபித் தட்டோடு வந்த ஆபீஸ் உதவியாளர் பொற்கொடியிடம் சொன்னாள்: “பாத்தீங்களாக்கா, லைட்டவே பாத்துக்கிட்டு இருக்காரு. கடிதத்துக்கு இனி கவலையில்ல.”

பொற்கொடி அவளைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

“அது எப்ப மங்கும்னுதான் பாக்கறாரு மேடம். உற்பத்தி ஏன் கொறஞ்சுதுன்னு அவங்க கேக்க ஆரம்பிக்கற நேரத்துக்கு, மில்ல நெறச்சு வெச்சு ஸ்டார்ட் பண்ணுன்னு சென்றாயண்ணன்கிட்ட சொல்லி வெச்சதே அவருதான்.”