கேப்டன் உத்தரவும் அடிப்பாரமும்

நாட்டுக்கு ஆகஸ்ட் முப்பத்தொன்றாம் தேதி சுதந்திரம் என்றார்கள். எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை. என்னுடையதைப் பத்தொன்பதாம் தேதியே எடுத்துக்கொள்வதென்று முடிவு செய்தேன்.

என் அடிமை வரலாறு சுருக்கமானது. நானும் என் மனைவி பாக்கியமும் பத்து வருடமாக எங்கள் பாய்மரப் படகிலேயே குடித்தனம். மூவார் ஊருக்கு விறகும் தேங்காயும் ஏற்றிப் போவோம். திரும்பி வந்து மலாக்கா ஆற்றில் கட்டிப் போட்டுத் தூங்குவோம். ஏப்ரலில் படகின் அடிப்பலகை ஒழுகியது. பட்டறைக்காரர் அப்பாசாமி நாலு மாதம் கேட்டார். அதுவரைக்கும் காஜா பெராங்கில் ஒரு வாடகை வீடு.

அந்த வீட்டில்தான் பாக்கியம் ஒரு ஆட்டுக்கல் வாங்கிப் போட்டாள். பத்து வருடம் கஞ்சியும் கருவாடும் போதும் என்றிருந்தவள், முதல் நாள் இட்லி என்றாள். மறுநாள் தோசை. மூன்றாம் நாள் வடை. மாவு ஆட்டியது யார் என்று கேட்கிறீர்களா? பாய்க்கயிறு இழுத்த கைக்குக் குழவி ஒரு பொருட்டா என்றாள். நாலு மாதத்தில் நான் ஆட்டிய உளுந்தைக் கொட்டியிருந்தால் மலாக்கா நீரிணை தூர்ந்து, சுமத்ராவுக்கு நடந்தே போயிருக்கலாம்.

கரையில் அவள் ஆட்சி. ஆனால் கடல் சட்டம் வேறு. படகில் கேப்டன் வைத்ததே சட்டம். கேப்டன் நான்.

பத்தொன்பதாம் தேதி காலை, வாசலில் மாட்டு வண்டி வந்து நின்றது. நான் நெஞ்சை நிமிர்த்தினேன்.

"பாக்கியம்! கேப்டன் உத்தரவு நம்பர் ஒன்னு. ஆட்டுக்கல் படகுல ஏறக் கூடாது."

"ஏங்க?"

"பாரம்."

"நீங்ககூடத்தான் பாரம். ஏத்தலையா?"

"இது உத்தரவு!"

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "சரிங்க கேப்டன்" என்றாள்.

அப்போதே நான் பயந்திருக்க வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அவள் 'சரி' என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

ஆட்டுக்கல்லைப் பக்கத்து வீட்டுக் கோகிலாவிடம் கொடுத்தோம். "பாவம், அண்ணனுக்கு இனிமே பொழுதே போகாதுலா" என்றாள் அந்தப் பெண். நான் சிரித்தேன். வழி நெடுக, வண்டிமாடு திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தேன்.

படகில் ஏறியதும் சிரிப்பு நின்றது. ஒரு சம்பான் தோணி பக்கத்தில் போனது, அவ்வளவுதான். எங்கள் படகு கள் குடித்தவன்போல் ஆடியது. காப்பிச் சட்டி உருண்டது. அடுப்புச் சாம்பல் என் வேட்டியில். நான் பாக்கியத்தின் மடியில்.

"என்னங்க, இது கேப்டன் உக்கார்ற எடமா?"

எழுந்து பட்டறைக்கு ஓடினேன்.

"அப்பாசாமி! படகோட அடியில பாரத்துக்குக் கல்லு போட்டிருந்தேனே, எங்கே?"

"நீங்க நிக்கிறதே அது மேலதாண்ணே. பட்டறைக்குத் தரை போட்டுட்டேன். சிமெண்டும் காஞ்சிருச்சுலா."

"என் கல்லுய்யா!"

"நல்ல கல்லுண்ணே. ஆடவே மாட்டேங்குது."

முப்பத்தொன்றாம் தேதி காலையில் பாய்மரத்தில் புதுக் கொடி கட்டி, முழுப் பாய் விரித்து, ஆற்று முகத்துவாரம் வரை நான் சுக்கான் பிடித்துப் போகவேண்டும். பாக்கியம் எதிரே உட்கார்ந்து, அடங்கி, அதைப் பார்க்கவேண்டும். அடிப்பாரம் இல்லாமல் பாய் விரித்தால் முதல் காற்றிலேயே நாங்கள் மீனோடு குடித்தனம்.

பாக்கியம் பரிவோடு விசாரித்தாள். "எந்த மாதிரிக் கல்லுங்க வேணும்?"

"கருங்கல்லு. கனமா இருக்கணும். உருளாம உக்காரணும்."

"எத்தனை?"

"பெரிசா இருந்தா ஏழு எட்டு போதும்."

"போட்டப்புறம் எடுக்கலாமா?"

"மூச்! எடுத்தா கவுந்துடும். ஒரு கல்லையும் யாரும் அசைக்கக் கூடாது. கேப்டன் உத்தரவு நம்பர் ரெண்டு."

"எனக்கு மறந்துடும். எழுதி வைங்களேன்."

எழுதினேன். அடுப்புக்கரியால், பாய்மரத்தின் அடியில், பெரிய எழுத்தில். கையெழுத்தும் போட்டேன். அதிகாரம் கையில் இருக்கும்போது கையெழுத்து அழகாக வருகிறது.

மறுநாள் கயிறு வாங்கப் பாசாருக்குப் போய்விட்டு மாலையில் திரும்பினேன். படகு அசையாமல் நின்றது. கோவில் யானைக்குக்கூட அந்த நிதானம் வராது. ஆனந்தமாகக் கீழறைக்குள் இறங்கினேன்.

உள்ளே இரண்டு வரிசையாக எட்டு ஆட்டுக்கல். ஒவ்வொன்றிலும் ஒரு குழவி.

"பாக்கியம்! என்னடி இது?"

"அடிப்பாரங்க."

"இது ஆட்டுக்கல்லு!"

"கருங்கல்லுதானே? கனம்தானே? உருளுதா?"

"யாரோடது இதெல்லாம்?"

"ஒன்னு நம்மளுது. மிச்சம் ஏழும் கோகிலா தெருவுல ஏழு வீட்டோடது."

"சும்மாவா குடுத்தாங்க?"

"கல்லைக் குடுத்துட்டு அவங்க மாவுக்கு எங்க போவாங்க? ஏழு வீட்டு மாவும் இங்கயே ஆட்டித் தர்றோம்னு சொல்லிட்டேன்."

"யாரு ஆட்டறது?"

அவள் என் கைகளைப் பார்த்தாள்.

"முடியாது! இப்பவே எல்லாத்தையும் திருப்பிக் குடு!"

பாக்கியம் பாய்மரத்தடியைக் காட்டினாள். ஒரு கல்லையும் யாரும் அசைக்கக் கூடாது. கீழே என் கையெழுத்து, நல்ல தெளிவாக.

முப்பத்தொன்றாம் தேதி பாய் விரிந்தது, கொடி பறந்தது, படகு கோணாமல் குலுங்காமல் ஆற்று முகத்துவாரத்துக்குப் போனதாம். சுக்கான் பிடித்தவள் பாக்கியம். அவளுக்கு எதிரே ஏழு வீட்டுப் பெண்களும் சுடச்சுட வடை தின்றபடி உட்கார்ந்திருந்தார்களாம். எல்லாம் கேள்விப்பட்டதுதான். நான் எதையும் பார்க்கவில்லை.

மேலே "மெர்டேக்கா!" என்று ஒரே சுதந்திரக் கோஷம். நானும் கையை உயர்த்தினேன்.

"கேப்டன்!" என்று மேலிருந்து பாக்கியத்தின் குரல் வந்தது. "குழவிச் சத்தம் நின்னு போச்சே?"