சகலை வீட்டு ஏ.சி.யில் ஐஸ் கட்டிய கிருத்திகை

பொறாமையே இல்லாத மனிதர் என்று யாரையாவது சொன்னால், அவர் மேல் எனக்கு உடனே பொறாமை வந்துவிடும். அப்பேர்ப்பட்ட ஜென்மம் நான். (இந்த வரியைப் படித்த என் மனைவி வசந்தா, "இன்னாத்துக்கு இவ்ளோ கொறச்சி எழுதறீங்க?" என்று கேட்டாள்.)

எண்பதுகளின் தொடக்கம். திருத்தணியில் மலைப்படிக்கு இரண்டு தெரு தள்ளி எங்கள் வாடகை வீடு. அரக்கோணத்தில் ரயில்வேயில் குமாஸ்தா வேலை. ஆடிக் கிருத்திகைக்குப் பள்ளிப்பட்டிலிருந்து மாமனார், மாமியார், அவர்கள் வகையறா என்று இருபது பேர் காவடியோடு வந்து எங்கள் வீட்டில்தான் இறங்குவார்கள். சாமி பார்த்துவிட்டு வந்து இலையில் உட்கார்ந்ததும் மாமனார் எல்லார் காதிலும் விழும்படி, "பெரிய மாப்ள வூடு இருக்கறப்ப நமக்கு இன்னா கொறச்சல்?" என்பார். வருஷம் முழுக்க அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டுதான் நான் மாப்பிள்ளையாகக் காலம் தள்ளினேன்.

அதில் மண்ணைப் போட்டவன் என் சகலை முரளி. வசந்தாவின் தங்கை கோமளாவைக் கட்டியவன். அவனும் திருத்தணியில்தான், வீட்டின் பின்பக்கம் நாலு விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்தான். தங்கமான பையன். எனக்குப் பிடிக்காததும் அதுதான். கெட்டவனாக இருந்திருந்தால் நிம்மதியாக வயிறெரிந்திருப்பேன். மெட்ராஸில் ஏதோ கம்பெனியை மூடியபோது ஏலத்தில் ஒரு ஏ.சி.யை எடுத்து வந்து, முன்னறை ஜன்னலில் பொருத்திவிட்டான். எங்கள் சொந்தபந்தத்தில் அதுதான் முதல் ஏ.சி. என் வீட்டில் இருந்தது ஒரு மேஜை விசிறி. அது கழுத்தைத் திருப்பாது. காற்று வேண்டுகிறவர்கள்தான் அதன் எதிரே நகர்ந்து உட்கார வேண்டும்.

ஆடி பிறந்ததும் மாமனாரிடமிருந்து கார்டு வந்தது. "இந்த வருஷம் கிருத்திகைக்கு சின்ன மாப்பிள்ளை வீட்டில் தங்குகிறோம். நீங்களும் அங்கேயே வந்துவிடவும்." என் வீட்டு விருந்தை நானே இன்னொருத்தன் வீட்டில் போய்ச் சாப்பிட வேண்டுமாம்! அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை. வயிறு சரியில்லை என்றேன். "எரியுதுன்னு சொல்லுங்களேன்" என்றாள் வசந்தா.

கிருத்திகையன்று மத்தியானம் மலையிலிருந்து இறங்கி எல்லாரும் முரளி வீட்டுக்குப் போனோம். படிக்கட்டின் சூட்டில் உள்ளங்கால் வெந்திருந்தது. முன்னறைக்குள் கால் வைத்ததும், "அப்பாடா!" என்று என் வாய் என்னைக் கேட்காமலே சொல்லிவிட்டது. கோமளா பிடித்துக்கொண்டாள்.

"நல்லாகீதா பாவா?" (அக்கா புருஷனை அவர்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.)

"ஆங்... பரவால்ல" என்றேன், பிடிக்காத பெண்ணைப் பார்த்துவிட்டு வந்த மாப்பிள்ளை மாதிரி.

மாமியார் அதற்குள் ஒரு காரியம் செய்தார். எல்லாரும் குளித்துவிட்டு மாற்றிய ஈர மஞ்சள் வேட்டிகளையும் புடவைகளையும் கொண்டுவந்து, ஏ.சி.யின் முகத்துக்கு நேரே கொடி கட்டி வரிசையாகப் போட்டார். "வெயிலவுட இதுல சீக்கிரம் காயும்" என்றார். யாரும் மறுக்கவில்லை. ஏற்கெனவே தறிக்கூடத்துப் பஞ்சுத்தூசி அறையெங்கும் பறந்து எல்லார் மீசையையும் நரைக்க வைத்துக்கொண்டிருந்தது.

ஒரு மணி நேரம் போயிருக்கும். வேட்டி காய்ந்ததா என்று தூக்கிப் பார்த்த மாமனார், "அடேங்கப்பா, உள்ளே ஐஸ் கட்டிக்கீதே!" என்று கூவினார். எல்லாரும் ஓடிப்போய்ப் பார்த்தோம். கம்பிகளுக்குப் பின்னால் வெள்ளை வெளேரென்று ஐஸ். அது கோளாறு என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "சின்ன மாப்ள வாங்கனா வாங்கனதுதான்! காத்துக்குக் காத்து, ஐஸுக்கு ஐஸ்!" என்றார் மாமனார். அந்த நேரத்தில் என் வயிற்றை அதன் பக்கத்தில் வைத்திருந்தால் மொத்த ஐஸும் உருகியிருக்கும்.

கொஞ்ச நேரத்தில் காற்று நின்றுபோனது. மோட்டார் மட்டும் உறுமியது. சுவரில் தண்ணீர் வழிந்தது. மூடிய அறையில் இருபது பேர் புழுங்க ஆரம்பித்தோம்.

"பஷீர் பாயை இட்டாரச் சொல்லி ஆள் அனுப்பிக்கீறேன். மெக்கானிக் அவரு. வர்ற வரைக்கும் யாரும் தொடாதீங்க" என்றான் முரளி.

இதைவிடத் தெளிவாக ஒருத்தன் சொல்ல முடியாது. ஆனால் எனக்கு அதில் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: மாமனார் முன்னால் ஜெயிக்க ஒரு சந்தர்ப்பம்.

"எங்க ஆபீசர் ரூம்லயும் இதே கததான். ஐஸைப் பேத்துட்டா காத்து வந்துடும்" என்றேன். (அந்த அறைக்குள் நான் ஃபைல் வைக்கத்தான் போவேன்.)

"வேணாண்ணா, பாய் வந்துடட்டும்."

"நீ தறியப் பாரு. மெஷின் சமாச்சாரத்த நான் பாத்துக்கறேன்." (தறியும் மெஷின்தான் என்பது அப்போது உறைக்கவில்லை.)

தறிக்கூடத்து ஸ்க்ரூ டிரைவரால் முன்பக்க மூடியைக் கழற்றி, ஐஸில் ஒரு குத்து விட்டேன். பெரிய துண்டாக விழுந்தது. "பெரிய மாப்ள கைகாரருதான்!" என்றார் மாமனார். என்னைக் கெடுத்தது அந்தப் பாராட்டுதான். அடுத்த குத்தை முழு பலத்தோடு இறக்கினேன்.

"புஸ்ஸ்ஸ்ஸ்!"

"பாத்தீங்களா, காத்து வந்துடுச்சி!" என்று கத்தினேன். இருபது பேரும் முகத்தை நீட்டினார்கள். அந்தக் காற்று மெலிந்து, மெலிந்து, ஒரேயடியாக அடங்கிப் போனது.

பஷீர் பாய் வந்தார். கொடியை அவிழ்த்தார். உள்ளேயிருந்து ஃபில்டரை உருவினார். அதில் ஒரு தலையணை தைக்கிற அளவுக்குப் பஞ்சு.

"காத்து போக வழியில்லன்னா இப்பிடித்தாங்க ஐஸ் கட்டும். கூலிங்க நிறுத்திட்டு ஃபேன மட்டும் ஓடவுட்டா தானா கரைஞ்சிடும். அப்பறம் ஃபில்டரக் கழுவி மாட்டிட்டா வேல முடிஞ்சிது" என்றபடி குனிந்தவர், நிமிர்ந்தார். "குழாய இன்னாத்துக்குக் குத்துனீங்க? கேஸ் மொத்தமும் போச்சே! இது மெட்ராஸுக்குத்தான் போவணும்."

மாமியாரின் வேட்டிக்கொடியைப் பற்றி ஒருத்தரும் பேசவில்லை. நாற்பது கண்ணும் என் மேல்தான்.

அந்தப் புழுக்கத்தில் இலை போட முடியாமல், சோற்றுக்குண்டான், குழம்பு, இலைக்கட்டோடு மொத்தக் கூட்டமும் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. நான் ஆசைப்பட்டது ஆசைப்பட்டபடியே நடந்துவிட்டது. மாமனார் என் விசிறியின் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டார். அந்த வாக்கியத்துக்காகக் காத்திருந்தேன். அவர் மோர் கேட்டார்.

"வுடுங்கண்ணா, தெரியாம நடந்துட்சி" என்றான் முரளி. அவன் திட்டியிருந்தால் தேவலை.

"தெரியாமத்தானா?" என்றார் மாமனார்.

தெரியாமல் என்றால் நான் முட்டாள், தெரிந்து என்றால் அயோக்கியன். எதைச் சொல்வது என்று விழித்தபோது வசந்தா எனக்காகப் பரிந்து பேசினாள்.

"இன்னா நைனா நீ! திட்டம் போட்டுக் கெடுக்கற அளவுக்கு இவருக்கு மூள ஏது?"

கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன். (நிஜமாகவே தெரியாமல்தானா? இரண்டாவது குத்தில் கொஞ்சம் கூடுதலாகவே பலம் இருந்தது. அதற்கு மேல் என்னைக் கேட்காதீர்கள்.)

அன்று முதல் சொந்தத்தில் யார் ஃப்ரிட்ஜ் வாங்கினாலும், டி.வி. வாங்கினாலும், கற்பூரம் காட்டிய கையோடு, "பாவா, ரெண்டு கையையும் காட்டுங்க!" என்பார்கள். ஸ்க்ரூ டிரைவர் இல்லை என்று காட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

போன மாதம் என் மகள் வீட்டு ஏ.சி.யில் ஐஸ் கட்டியது. அறைக்குள் என்னை விடவில்லை. வாசற்படியில் நின்றபடியே, கூலிங்கை நிறுத்து, ஃபேனை மட்டும் ஓடவிடு, ஃபில்டரைக் கழுவு என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் ஐஸ் கரைந்து, ஜில்லென்று காற்று வந்தது. இத்தனை வருஷத்துக்கு அப்புறமாவது ஒரு நல்ல வார்த்தை கிடைக்கும் என்று மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"பாத்தியா நைனா," என்றாள் அவள், "நீ தொடல, அதான் சரியாயிட்சு."