உப்பில்லா விரதமும் ஒன்பது போத்தல் தண்ணீரும்

என் தங்கையை ஒருமுறை தண்ணீர் கொடுத்தே கொல்லப் பார்த்திருக்கிறேன். வேண்டுமென்று அல்ல, அக்கறையால். (அக்கறையோடு செய்தால் போலீஸ் வருவதில்லை என்பது ஒரு வசதி.)

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. மலேசியாவில், கோலா கெத்திலில் குடியிருந்தோம். பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடத் தெரியாத நான், நெடுந்தூரம் ஓடும் தங்கை மாலதிக்கு என்னை நானே பயிற்சியாளராக நியமித்துக்கொண்டேன். தகுதி, கைப்பேசியில் பார்த்த காணொளிகள்.

நவம்பர் மழையில் பயிற்சி செய்தபோது நாலு வாய்த் தண்ணீர் அவளுக்குப் போதுமாக இருந்தது. போட்டி வந்ததோ தைப்பூசத்துக்கு முந்தின வாரம், கொளுத்தும் வெயிலில். அவள் பால்குடத்துக்கு வேண்டிக்கொண்டு இரண்டு வாரமாக உப்பில்லாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஓடிவிட்டு வந்தால் கறுப்புச் சட்டையில் வெள்ளைக் கோடு படிந்திருக்கும். சோப்பை ஒழுங்காக அலசவில்லை என்று திட்டினேன். அது வியர்வையில் போன உப்பு என்று எனக்கு யார் சொல்வது?

இருபத்தொரு கிலோமீட்டர். மோட்டார் சைக்கிளில் பக்கத்திலேயே போய், அரைலிட்டர் போத்தல்களாக நீட்டிக்கொண்டிருந்தேன்.

"தாகமே இல்லண்ணே. வயிறு குலுங்குது."

"வெயில பாத்தியா? குடிலா."

ஒன்பதாவது போத்தலில் வாந்தி எடுத்தாள். தலை வலிக்கிறது என்றாள். விரல்கள் வீங்கி, மணிக்கட்டில் காப்புக் கயிறு சதைக்குள் அழுந்தியிருந்தது. பத்தாவதைத் திறந்தேன்.

திகாம் பத்து என்ற ஊரைத் தாண்டி, சாலையோர அம்மன் கோயில் முன்னால் நின்று ஆடினாள்.

"நீ யாரு?" என்று என்னையே கேட்டாள்.

பூ விற்றுக்கொண்டிருந்த அக்கா எழுந்து வந்தார். "வெரதப் புள்ளதானே தம்பி? ஆத்தா எறங்கிட்டா." திருநீறு பூசினார்.

நான் நடுரோட்டில் தங்கையின் காலில் விழுந்தேன். "ஆத்தா, எனக்கு எப்ப கல்யாணம் ஆவும்?"

ஆத்தா என் முதுகில் வாந்தி எடுத்தாள். அதை நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டேன். மறுநிமிடம் கண் மேலே சொருகி, கைகால் வெட்டி இழுத்தது. பூக்கார அக்காவின் முகம் மாறியதும்தான் எனக்கு உறைத்தது.

போட்டியின் ஆம்புலன்ஸ் வந்தது. அதிலிருந்த மிஸ்ஸி, அந்தத் தாதி, நான் சொன்னதைக் கேட்டுவிட்டு என் கையிலிருந்த போத்தலைப் பிடுங்கினார்.

"உப்பும் இல்ல, இவ்ளோ தண்ணியும் ஊத்திருக்க. ரத்தத்துல உப்பு எறங்கிருக்கும். அப்ப மூள வீங்கும். இன்னும் குடுத்திருந்தா ஒனக்குத் தங்கச்சி இருக்காது."

சாயங்காலம்வரை மருத்துவமனை நடைபாதையில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே அவளுக்கு உப்புநீர் ஏற்றினார்கள். அவ்வளவு பயம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன்; கல்யாணத்தைப் பற்றி யாரிடமும் பேசவில்லை.

கண்விழித்து அவள் கேட்ட முதல் கேள்வி: "முடிச்சனாண்ணே?"

இல்லை என்று சொல்ல முடியாமல் அழுதேன்.

இப்போதும் ஓடுகிறாள், தாகமெடுத்தால் குடிக்கிறாள். என் கதையைப் பூக்கார அக்கா ஊர் முழுக்கப் பரப்பிவிட்டார். கோயிலில் யாருக்கு அருள் வந்தாலும் எங்கள் வீட்டார் திரும்பி என்னைத்தான் பார்க்கிறார்கள். மாலதி மட்டும் காதருகே வந்து, "மொதல்ல என்ன சாப்டாங்கன்னு கேளுண்ணே. கல்யாணத்த அப்பறம் கேட்டுக்கலாம்" என்கிறாள்.

வெட்கத்தை விட்டு, போய்க் கேட்கத்தான் செய்கிறேன். (சாப்பாட்டை மட்டும். கல்யாணம் இன்னும் ஆகவில்லை.)