துக்கம் முடிந்ததற்கான கடிதம்

எங்கள் ஊர் வாவிக்கரை வளைவு ஒரு கண்ணீர் அஞ்சலிப் பெனரால் வெற்றிகரமாக மறைக்கப்பட்டது என்பதைப் பெருமதிப்புடன் அறியத்தருகிறோம்.

போன மாரியில் கேதீஸ்வரியின் மூத்தவன் உதயரூபன் பைக்கில் நூற்றிப்பத்தில் வந்தான். வீதி வளைந்தது, அவன் வளையவில்லை. நேரே வாவிக்குள் போய்ச் செத்துப்போனான். கூட்டாளிமார் அழுதழுது காத்தான்குடியில் பெனர் அடித்துவந்து அதே வளைவில் கட்டினார்கள். படத்தில் ஹெல்மட் இல்லை. ஹெல்மட் போட்டால் பெனரில் முகம் தெரியாதே! அன்றிலிருந்து ஊர்ப் பொடியன்கள் எல்லாரும் ஹெல்மட்டை வீட்டில் வைத்துவிட்டு பைக் ஓடினார்கள்.

பெனர் பெரிது, வளைவு தெரியவில்லை. அடுத்த கிழமை ஒருத்தன் பெனரைக் கிழித்துக்கொண்டு போய்க் காலை முறித்தான். பிரதேச சபை உடனடி விசாரணை நடத்தி, பெனருக்கு இரும்புச் சட்டம் அடித்துக் கொடுத்தது.

எங்கள் ஊர் அன்னப்பூரணியின் ஒரே மகன் டிலக்சனும் அந்த வழியால்தான் பறக்கிறவன். அவள் நேரே சபைத் தவிசாளரிடம் போனாள்.

"ஐயா, அந்தப் பெனரக் கழட்டுங்க. வளைவு தெரியாம என்ட புள்ள உழுந்திருவான்."

"அதுல என்ட படமும் இரிக்கே, தங்கச்சி."

"செத்த பொடியன்ட படத்த விடப் பெரிசா இரிக்கி!"

"அவன் ஒருக்காத்தானே செத்தவன். நான் எல்லாருக்கும் அஞ்சலி செலுத்தணுமே. கழட்டுறதெண்டா, துக்கம் முடிஞ்சுதெண்டு பொடியன்ட தாய் கடிதம் தரணும். கிராம சேவகர் ஜீ.எஸ் அத உறுதிப்படுத்தணும்."

அந்தக் கண்டறியாத கடிதத்தை எழுதிக்கொண்டு அன்னப்பூரணி கேதீஸ்வரியிடம் போனாள்.

"முடியல்லையேகா, எப்பிடிகா முடிஞ்சுதெண்டு எழுதுற?" என்று கேதீஸ்வரி குழறினாள். பிறகு, "உன்ட புள்ளைக்காக வைக்கிறன்" என்று கையெழுத்து வைத்தாள்.

ஜீ.எஸ் கேதீஸ்வரி வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடித்தார். அவர் குடித்து முடியும்வரை அவள் அழாமல் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். 'கண்ணீர் இல்லை என்பதை நேரில் அவதானித்தேன்' என்று அவர் எழுதினார்.

பெனர் கழன்றது. பின்னேரம்வரை வளைவு தெரிந்தது. பிறகு அதே சட்டத்தில் இன்னும் பெரிய பெனர் ஏறியது: 'வளைவைத் தெரியவைத்த எங்கள் தவிசாளருக்கு நன்றி!' மூலையில் அன்னப்பூரணியின் படம். அடியில், 'இவண்: ஊர் மக்கள்.' அது நாங்கள்தான்.

"என்னகா, இதையும் கழட்டச் சொல்லன்?" என்றோம்.

"சொல்லத்தான் வேணும்," என்று அண்ணாந்து பார்த்தாள். "படம் நல்லா வந்திரிக்கி என்ன? நாளைக்குச் சொல்றன்."

அம்மாவின் படத்தைப் பார்க்க டிலக்சன் அன்றைக்கே வந்தான். நூற்றியிருபதில் வந்தான்.

இப்போது அந்தச் சட்டத்தில் டிலக்சன் ஹெல்மட் இல்லாமல் சிரித்துக்கொண்டு நிற்கிறான். இவண்: ஊர் மக்கள். கேதீஸ்வரிக்கு இளையவன் ஒருத்தன் இருக்கிறான், அவனும் பைக் எடுத்துவிட்டான். அதனால் அவள் கடிதத்தோடு அன்னப்பூரணி வீட்டுக்குப் போயிருக்கிறாள். ஜீ.எஸ்ஸும் கூடப் போயிருக்கிறார். தேத்தண்ணி மூன்றாம் முறையும் ஊற்றியாயிற்றாம், அன்னப்பூரணி இன்னும் அழுதுகொண்டுதான் இருக்கிறாளாம்.