பிரித்தால் போச்சு

மதியச் சாப்பாட்டுக்குப் பூட்டிவிட்டுப் போன கடையைத் திறந்ததும் பசை வாடை குப்பென்று அடித்தது. மேஜைமேல் ஒரு பிளாஸ்டிக் போர்விமானம் நின்றது. இறக்கையில் பெயிண்ட் இன்னும் காயவில்லை. பக்கத்தில், சீல் கிழிந்த பெட்டி.

சேர்மன் பெட்டியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூன்று பேர் கொண்ட மாடல் சேகரிப்போர் சங்கத்துக்குத் தலைவர் என்பதால் எல்லோரும் அவரைச் சேர்மன் என்றார்கள். அது கிண்டல் என்று அவருக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

பிள்ளைகள் போனிலேயே விமானம் ஓட்டத் தொடங்கியபின், பெட்டியில் வரும் பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டி மாடல் செய்வார் யாருமில்லை. ஆனால் பழைய பெட்டிகளை முதலீடாக வாங்கும் கூட்டம் ஒன்று முளைத்திருந்தது. சீல் உடையாதவரை தங்கம், பிரித்தால் குப்பை. அதனால் சேர்மன், ஆசையாய்ச் சேர்த்துவிட்டு எதையும் ஒட்டாமலே கண்மூடியவர்களின் வீடு தேடிப் போவார். முகத்தைத் தொங்கப்போட்டபடி பெட்டிகளை அள்ளி வருவார்.

இம்முறை மனைவியின் வளையல்களை அடகு வைத்து, ஒரு ரிட்டயர்டு கணக்காளர் வீட்டிலிருந்து அறை நிறைய வாங்கியிருந்தார். "நல்ல மனுஷர்மா" என்று கைகூப்பியபோது அந்த வீட்டு அம்மாள், "சீக்கிரம் எடுத்துட்டுப் போங்க" என்றதோடு சரி. வெள்ளிக்கிழமை பெரிய வியாபாரி வருகிறார். சரக்கு விற்றால்தான் வளையல் திரும்பும்.

"பூட்டு அப்படியே இருக்கு மாமா" என்றான் கடையில் உதவிக்கு இருந்த மைத்துனன்.

புதுப் பூட்டு போட்டார். மறுநாள் ஒரு போர்க்கப்பல் நின்றது.

மைத்துனனை உள்ளேயே காவல் வைத்தார். அவன் டிபன் கேரியரைத் திறக்கும் நேரம், பின்னறையில் அடுக்கியிருந்த பெட்டிகளுக்குப் பின்னாலிருந்து அரம் தேய்க்கும் சத்தம் வந்தது. சரக்... சரக்... பிறகு ஓர் இருமல். செருப்பைக்கூட மாட்டாமல் தெருவில் பாய்ந்தான்.

சேர்மனை இழுத்துக்கொண்டு அவன் திரும்பி வந்தபோது கேரியர் காலி.

"கழுவி வேற வெச்சிருக்கு மாமா!"

"வாயை மூடுடா. செத்தவர் கௌரவமான ஆளு."

சேர்மன் பின்னறை வாசலில் நின்று, சங்க ஆண்டுவிழாக் குரலை வரவழைத்துக்கொண்டார்.

"மதிப்பிற்குரிய ஐயா! உசுரோட இருந்தப்போ ஒண்ணையும் தொடலை. இப்ப என்ன அவசரம்? புதுசா நாலு பெட்டி வெச்சிருக்கேன், அதை ஒட்டிக்குங்க. பழசை மட்டும் விட்டுடுங்க."

அரம் நின்றது. பெட்டிகளுக்குப் பின்னால் யாரோ நீளமாகப் பெருமூச்சு விட்டார்கள். சேர்மனின் கழுத்து மயிர் நட்டுக்கொண்டது. நல்ல விளக்கு ஒன்றும் மெல்லிய தூரிகைகளும் வைத்துவிட்டு ஓடிவந்தார்.

மறுநாள் மலிவுப் பெட்டிகள் நாலும் வைத்தபடியே இருந்தன. ஆவிக்குத் தரம் தெரிந்திருந்தது. விளக்கு வெளிச்சத்தில், இருப்பதிலேயே அரிய மூன்று விமானங்கள் பளபளத்தன.

விடிந்தால் வெள்ளி. சேர்மன் கணக்காளர் வீட்டுக்கு ஓடினார். அம்மாள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"அம்மா, உங்க வீட்டுக்காரர் ஆத்மா சாந்தியாகலை! பெட்டியோட என் கடைக்கே வந்துடுச்சு. தயவுசெஞ்சு எல்லாத்தையும் திருப்பி எடுத்துக்குங்க!"

அம்மாள் ஈரச் சட்டையை உதறினாள்.

"அவர் செத்துட்டார்னு யாருங்க சொன்னா? பெட்டியெல்லாம் வண்டியில ஏத்துனப்போ அவரும் பின்னாடி ஏறி உக்காந்துக்கிட்டார். நீங்களும் ஒண்ணும் கேக்கலை, சரி, மொத்தமாத்தான் வாங்கிட்டுப் போறீங்கன்னு விட்டுட்டேன்."