இருமினால் நிற்கும் சத்தம்

டொக்... டொக்டொக்... டொக்.

வீரமுத்து ஸ்டூலில் ஏறி நின்று, ஏசியின் வயிற்றில் ஸ்க்ரூடிரைவர் முனையை ஊன்றி, அதன் கைப்பிடியைக் காதோடு அழுத்திக்கொண்டார். கள்ளக்குறிச்சியில் இருபத்தெட்டு வருடமாக அவர் மோட்டார் பார்ப்பது இப்படித்தான். ரிஷிவந்தியத்திலிருந்து வந்ததோ, கல்வராயன் மலையிலிருந்து ஜீப்பில் இறங்கியதோ, எந்த மோட்டாராக இருந்தாலும் பட்டறை வாசலில் வைத்து ஒரு நிமிடம் காது கொடுப்பார். பிறகு, "பேரிங் போச்சு" என்பார். பேரிங் போயிருக்கும்.

இந்த ஏசி மட்டும் அவரிடம் வாய் திறக்க மறுத்தது.

"இன்னாங்க, பேரிங்கா?" என்றாள் கீழே நின்ற மனைவி ஜெயசுதா.

"பேசாத. கேட்டுக்கினு இருக்கேன்."

"வாங்கி மாட்டுனதுலேந்து நாலு நாளா கேட்டுக்கினுதான் இருக்கீங்க."

டொக். கட்டிலில் கிடந்த ஐம்பது நாள் பேரன் தூக்கிவாரிப்போட்டு வீறிட்டான். மகள் தனுஷா அவனை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டாள்.

புரட்டாசிப் புழுக்கம். பகலெல்லாம் மூட்டம், பொழுது சாய்ந்தால் மழை. பிள்ளைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. அதைக் கேள்விப்பட்ட சம்பந்தியம்மா ராஜாம்பாள் சேலத்திலிருந்து போன் செய்தார். "எங்க வீட்ல ஏசி இருக்குது சம்பந்தி. பேசாம அனுப்பி வெச்சிருங்க."

தாய்வீட்டில் மூன்று மாதம் என்றுதான் பேச்சு. வீரமுத்து மறுநாளே ஏசி வாங்கி மாட்டிவிட்டார். வெள்ளிக்கிழமை ராஜாம்பாள் நேரில் வருகிறார். பிள்ளை நிம்மதியாகத் தூங்கினால் இருக்கட்டும், இல்லையென்றால் இரண்டு பேரையும் கையோடு அழைத்துப் போவதாக ஏற்பாடு. தனுஷா அப்பாவை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள், அவ்வளவுதான். அந்தப் பார்வை பட்டறை வரைக்கும் அவர்கூட வந்தது.

"வெள்ளிக்கிழமைக்குள்ள இதக் கண்டுபுடிக்கல, என் பேரு வீரமுத்து இல்ல" என்றார்.

திங்களன்று ஏசியின் மூடியைக் கழற்றினார். ஒரு கொக்கி ஒடிந்தது. உள்ளே எல்லாம் சுத்தமாக இருந்தது. மூடியைக் கறுப்பு டேப் ஒட்டி நிறுத்தினார். இப்போது டொக்குடன் டேப் அடித்துக்கொள்ளும் படபடப்பும் சேர்ந்துகொண்டது.

செவ்வாயன்று, சத்தம் வெளியிலிருந்துதான் வரவேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். ஏசியின் வெளிப்பெட்டி, பின்கட்டைத் தாண்டிக் குளியலறைக்குப் பக்கத்துச் சந்தில், இடுப்புயரத்தில் சுவரோடு நின்றது. அங்கே போவதற்கு ஒரு முறை உண்டு. பிள்ளை பெற்றவள் குளிக்கிற இடம், அவள் துணிமணி, எதுவும் ஆண்கள் கண்ணில் படக்கூடாது என்பது ஜெயசுதாவின் சட்டம். அடுப்படி வாசலில் நின்று இருமவேண்டும். பத்து எண்ணவேண்டும். பிறகுதான் போகவேண்டும்.

வீரமுத்து இருமினார். அவர் இருமல் மோட்டார் கிளம்புவது போலிருக்கும். பத்து எண்ணிவிட்டுப் போனார்.

சந்தில் தைலம்மாள் இடுப்பில் மூடிய கூடையோடு ஒதுங்கி நின்றாள். தாயையும் பிள்ளையையும் குளிப்பாட்டவும், துணி துவைக்கவும் வருகிறவள். "வாங்கண்ணா" என்றாள்.

வீரமுத்து பெட்டிமேல் ஸ்க்ரூடிரைவரை வைத்தார். காற்றாடி சீராகச் சுற்றிக்கொண்டிருந்தது. வேறொன்றும் இல்லை. உள்ளே இருந்த ஜெயசுதாவுக்குப் போன் போட்டார்.

"இப்ப கேக்குதா?"

"இல்லியே. நீங்க இருமுனதும் நின்னுபோச்சு."

உள்ளே வந்து உட்கார்ந்தார். மூன்று நிமிடம். டொக்.

மறுபடி போனார். இருமல், பத்து, அமைதி. திரும்பினார். டொக்டொக்.

"மெசினுக்கு உங்கமேல ஒரு மரியாத" என்றாள் ஜெயசுதா. "பெத்த பொண்ணுக்குக்கூட அவ்ளோ பயம் இல்ல."

"பெட்டி ஆடுது. அதான். இறுக்கிட்டா அடங்கிடும்."

புதன்கிழமை பெட்டிக்கு இரண்டு பக்கமும் இரும்புச் சட்டம் அடித்து, சுவரில் எட்டு கொக்கி இறக்கி, முறுக்கிக் கட்டினார். யானையைக் கட்டினாலும் தாங்கும். அன்று மத்தியானம் சத்தம் இரண்டு மடங்கானது.

வியாழக்கிழமை காலை, மழைத்தண்ணீர் உள்ளே இறங்குகிறது என்று தோன்றியது. பெட்டிக்கு மேலே தகரக்கூரை போட்டார். கூரை காற்றில் ஆடாமலிருக்க இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை கெட்டிக் கம்பி இழுத்துக் கட்டினார். தைலம்மாள் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தாள்.

"நல்லா செஞ்சிகீறீங்கண்ணா. மழைக்கு ஒதுக்கமா கீது" என்றாள். அந்த வாரத்தில் அவர் வேலையைப் பாராட்டிய ஒரே ஆள் அவள்தான்.

அன்று டொக்குகள் எண்ண முடியாதபடி வந்தன. போதாததற்கு மூச்சு முட்டியவன் போல மெஷின் 'உர்ர்ர்' என்று உறுமவும் ஆரம்பித்தது. அறையில் குளிர்ச்சியும் கம்மியானது.

"இந்த அடமழையிலயும் புள்ள துணிய அப்பளம் மாதிரி காயவெச்சிக் குடுக்குது தைலம்மா" என்று துணி மடித்தபடி ஜெயசுதா சொன்னாள். "எங்கதான் காயவெக்குதோ. வேலன்னா அப்படி இருக்கணும். இங்கயும் ஒருத்தர் வேல செய்றாரு."

வீரமுத்து மானத்தை விட்டு, ஏசி மெக்கானிக் ஜெயப்பிரகாஷைக் கூட்டிவந்தார். அடுப்படி வாசலில் இருமி, பத்து எண்ணி, அவனைச் சந்துக்கு அழைத்துப் போனார். அவன் பெட்டியைத் திறந்து பார்த்தான், மூடினான்.

"மெசினு தங்கமாட்டம் கீதுண்ணே. அது சரி, இன்னாத்துக்கு இத்தினி கொக்கி? கறிக்கடை வெக்கப் போறீங்களா?"

"சத்தம் வருதுப்பா."

"எனக்கு ஒண்ணும் கேக்கல." சற்றுத் தயங்கினான். "இவ்ளோ வருசம் மோட்டாருகூடவே இருந்த காது பாருங்க..."

வீரமுத்து பட்டறைக்குப் போய், எல்லா மோட்டாரையும் நிறுத்திவிட்டு, தனியாக உட்கார்ந்தார். சுவர்க் கடிகாரத்தின் முள் நகர்வது கேட்டது. தெருக்கோடியில் டீ ஆற்றுவது கேட்டது. காது சரியாகத்தான் இருந்தது. பிறகு ஏன் ஒன்றும் பிடிபடவில்லை?

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு ராஜாம்பாள் கார் வந்து நின்றது. ஏசி ஓடிக்கொண்டிருந்தது. அவர் பேரனைத் தொட்டிலில் கிடத்தி, இரண்டு ஆட்டு ஆட்டினார். பிள்ளைக்குக் கண் சொருகியது.

டொக். டொக்டொக்டொக். உர்ர்ர்.

பிள்ளை அலறியது. வீரமுத்து அடுப்படி வாசலுக்கு ஓடி இருமினார். சத்தம் நின்றது. வந்து உட்கார்ந்தார். டொக்.

ராஜாம்பாள் பேரனைத் தொட்டிலிலிருந்து தூக்கிக்கொண்டார்.

"இருமினா நிக்குமா சம்பந்தி?"

"நிக்குதுங்க."

"அப்ப நாள் பூராவும் நீங்க இருமிட்டே இருக்க முடியுமா?" அவர் குரலில் கேலி இல்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "தப்பா நினைக்காதீங்க. இன்ன காரணம்னு தெரிஞ்சா சரி பண்ணிட்டு இருக்கட்டும்னு நானே விட்டுட்டுப் போவேன். காரணமே தெரியாத மெஷினுக்குக் கீழ பச்சப் பிள்ளைய எப்படிங்க போடறது? இன்ன காரணம்னு சொல்லுங்க."

வீரமுத்து ஸ்க்ரூடிரைவரை ஜன்னல் விளிம்பில் வைத்தார். இருபத்தெட்டு வருடத்தில் சொல்லாத ஒன்றைச் சொன்னார்.

"எனக்குத் தெரியலிங்க."

ரிமோட்டை எடுத்து ஏசியை அணைத்தார். டொக்கும் நின்றது, உறுமலும் நின்றது. தனுஷா கட்டிலுக்கு அடியிலிருந்து பையை இழுத்து, மெல்ல ஜிப்பைத் திறந்தாள். ஜெயசுதா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு பின்கட்டுப் பக்கம் குரல் கொடுத்தாள்.

"தைலம்மா! புள்ள துணி, தனுஷா துணி எல்லாத்தையும் எடுத்துக்கினு வா. பையில வெக்கணும்."

கொஞ்சநேரம் கழித்துத் தைலம்மாள் அடுப்படி வாசலில் வந்து நின்றாள். இரண்டு கையிலும் ஹேங்கர் ஹேங்கராகக் குட்டிச் சட்டைகள் சொட்டிக்கொண்டிருந்தன; ஒரு ஹேங்கர் கதவு நிலையில் இடித்து, டொக் என்றது. பெரிய சங்கடத்தில் இருப்பவள் போல வீரமுத்துவைப் பார்த்தாள்.

"இன்னாண்ணா, பாதியில ஏசிய நிறுத்திட்டீங்க? நீங்க கொக்கியும் கம்பியும் கட்டிக் குடுத்த தைரியத்துல பொட்டிக்கு முன்னால மொத்தத் துணியையும் மாட்டி வெச்சிகீறேன், எல்லாம் ஈரமாவே நிக்குது. இன்னும் ஒரு பத்து நிமிசம் ஓடவுடுங்க, நீங்க இருமுனா எப்பவும்போல அள்ளிக்கினு ஒதுங்கிடறேன்."